‘புரியவில்லை’ என்பது தீர்ப்பாகுமா?

ஓவியம் என்றால் நாட்காட்டியில் தாமரைமீது வீற்றிருக்கும் திருமகள். சிற்பம் என்றால் நாற்சந்தியில் கைநீட்டி நிற்கும் தலைவர். தமிழரிற் பெரும்பாலோர்க்குக் கலைக்கண் இவ்விரண்டு எல்லைக்கற்களுக்குள் அடங்கிவிட்டது. இவற்றுக்கு அப்பால் நின்று, வண்ணத்தாலும் வடிவத்தாலும் ஒருவன் தன் நெஞ்சைத் திறந்து காட்ட முற்பட்டால், “புரியவில்லை” என்னும் ஒற்றைச் சொல்லால் அவனை வாயிற்படிக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம். வழக்கு விசாரிக்கப்படுவதில்லை; சான்று கேட்கப்படுவதில்லை; தீர்ப்பு மட்டும் முதலிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. அத்தீர்ப்பு முறையற்றது என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவக் கருதுவது.

இக்காலக் கலைஞர்மீது நம்மவர் சாட்டும் குற்றங்கள் நான்கு. அவர்தம் படைப்புகளில் உணர்ச்சி இல்லை என்பது முதலாவது. அழகு இல்லை என்பது இரண்டாவது. பொருள் விளங்கவில்லை என்பது மூன்றாவது. அவை செல்வர்தம் மாளிகைச் சுவர்களுக்கே உரியவை, மாதச் சம்பளக்காரர்க்கு அவற்றால் ஆவதென்ன என்பது நான்காவது. நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

உணர்ச்சி என்பது யாது? இவ்வினாவுக்கு விடைகாண நாம் ஐரோப்பாவுக்குப் போகவேண்டுவதில்லை. தொல்காப்பியர் தம் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டினை வகுத்துரைத்தார். அச்சத்துக்குக் காரணமான பொருள் வேறு, அதனைக் கண்டான் உள்ளத்தில் எழும் உணர்வு வேறு, அவன் உடலிற் புலப்படும் நடுக்கம் வேறு என்று உரைகண்ட சான்றோர் பகுத்துக் காட்டினர். இப்பகுப்பு ஓவியத்துக்கும் முற்றும் பொருந்தும். மீசைமயிர் ஒன்றும் விடாமல் புலி ஒன்றினை வரைந்துவிட்டால் அச்சம் பிறந்துவிடுமா? பிறக்குமாயின், புலிப்படம் பொறித்த தீப்பெட்டியை எடுக்கும்போதெல்லாம் நாம் நடுங்கவேண்டும். அச்சம் இருப்பது கண்டவன் நெஞ்சில். அந்நெஞ்சைப் புலப்படுத்த ஒரு கோணற்கோடோ ஒரு கரிய பரப்போ போதுமாயின், புலி அப்படத்தில் இருந்தே தீரவேண்டும் என்னும் கட்டாயம் ஏது? இக்கால ஓவியன் செய்வது இதுவே. பொருளை விடுத்து மெய்ப்பாட்டைப் பற்றுகிறான். தொல்காப்பியத்தைப் போற்றும் நாம் அவனைத் தூற்றுவது விந்தையிலும் விந்தை.

சான்றுக்கு வருவோம். 1943-இல் வங்கத்தைப் பஞ்சம் சூறையாடியபோது, சித்தப்பிரசாத் என்னும் இளைஞர் மேதினிபூர் மாவட்டத்து ஊர்களிற் கால்நடையாகச் சுற்றினார். கண்டவற்றை மையாற் கோடுகளாக இழைத்தார். விலா எலும்புகளும் குழிவிழுந்த கண்களும் வெறுங்கலமுமாக அமைந்த அப்படங்கள் ஒரு சிறு நூலாக வெளிவந்தபோது, ஆங்கிலேய அரசு படிகளைப் பறித்துத் தீக்கிரையாக்கியது. படை கொண்டு ஆண்ட பேரரசு ஒன்று சில கோட்டோவியங்களைக் கண்டு அஞ்சியது என்றால், அக்கோடுகளில் உணர்ச்சி இல்லை என்று எவர் கூறத் துணிவர்? அந்த ஓவியர் பின்னர்ப் பம்பாய்க்கு வந்து அந்தேரியில் நெடுங்காலம் எளிய வாழ்வு வாழ்ந்தவர். நாம் நாள்தோறும் தொடர்வண்டியேறிப் பயணிக்கும் இந்நகரத்தவர். அவர் பெயரை நம் மன்றங்களில் எத்துணைப் பேர் கேட்டிருக்கிறோம்?

அதே பஞ்சத்தைக் கண்ணாற் கண்டு வரைந்த மற்றொருவர் சோமநாத் ஹோர். அவர் 1970-களிற் படைத்த ‘காயங்கள்’ வரிசையில் மனித உருவே இல்லை, வண்ணமும் இல்லை. வெள்ளைக் காகிதக்கூழ், அதிற் கீறலும் பிளவும் குழியும். அவ்வளவே. பார்ப்பவன் கை தன்னையறியாமல் தன் உடலைத் தடவிப் பார்க்கும். தோலிற் பட்ட வடு எவ்வாறிருக்குமோ அவ்வாறே அத்தாள் இருக்கிறது. பிணக்குவியலை அப்படியே வரைந்திருந்தால் நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்போம். வடுவை மட்டும் காட்டினார், திருப்பிக்கொள்ள முடியவில்லை. உருவத்தை நீக்கியது உணர்ச்சியைக் குறைக்கவில்லை, கூர்மையாக்கியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இனி நம் மும்பையின் கதை ஒன்று. 1947-இல் நாடு பிரிந்தபோது முகமதலி சாலையில் ஒரு வீட்டுச் சாளரத்தின் வழியே, கும்பல் ஒன்று ஓர் இளைஞனை அடித்துக் கொன்றதைத் தையப் மேத்தா கண்டார். அக்காட்சி அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. ஆயினும் அக்கொலையை அவர் நிகழ்ந்தவாறே வரைந்தாரல்லர். கால்கள் பிணிக்கப்பட்டு வெட்டுக்குக் காத்திருக்கும் எருதினை வரைந்தார்; தலைகீழாய் வீழும் மனிதனை வரைந்தார்; வண்டியோடு பிணைந்துவிட்ட ரிக்‌ஷாக்காரனை வரைந்தார். தட்டையான வண்ணப் பரப்புகளில் முறிந்த கைகால்கள். 2002-இல் அவருடைய ஓவியம் ஒன்று அயல்நாட்டு ஏலத்தில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு விலைபோனபோதுதான் நம் நாளிதழ்கள் அவரைக் கண்டுகொண்டன. விலையை எழுதின, அவ்வோவியர் உள்ளத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் உறைந்திருந்த அச்சத்தையும் இளிவரலையும் எழுதினவா? இன்னொன்றும் சொல்லவேண்டும். குசராத்திற் பிறந்த அம்மேத்தா 1970-இல் எடுத்த குறும்படத்துக்கு இட்ட பெயர் ‘கூடல்’. நம் தமிழ்ச்சொல்! அவர் நம் மொழியை நாடி வந்து ஒரு சொல்லை எடுத்துச் சென்றார்; நாம் அவர் கலையை நாடிச் சென்று ஒரு நாழிகையேனும் நின்றோமா?

இரண்டாம் குற்றச்சாட்டு அழகின்மை பற்றியது. முகம் கோணலாம், உடல் நீண்டதாம், கைகள் அளவுக்கு மிஞ்சினவாம். இவ்வாறு குறைகூறுவோர் ஒரு வினாவுக்கு விடையிறுக்கட்டும். காரைக்காலம்மையாரின் சோழர்காலச் செப்புத்திருமேனிகளை அவர்கள் கண்டதுண்டா? வற்றிய மார்பு, துருத்திய எலும்பு, குச்சிபோலுங் கைகால்கள், கையில் தாளம், முகத்தில் மட்டும் அடங்காத பேருவகை. பேயுருவைத் தாமே வேண்டிப் பெற்ற பெருமாட்டியை, அவ்வுருவிலேயே வார்த்து வணங்கியது தமிழ்நாடு. அச்சிற்பி அழகிய மங்கையை வார்க்கத் தெரியாதவனா? அவன் கை வார்த்த உமையம்மை திருமேனிகளைப் பாருங்கள். தெரிந்தும், உணர்ச்சிக்காக உடலை ஒடுக்கினான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவன் செய்தால் தெய்வப்பணி. இன்று ஒருவன் செய்தால் கிறுக்கல். இது நடுவுநிலைமை ஆகுமா?

தொல்காப்பியரும் உவகையை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றைக் கழித்தாரில்லை. மூப்பும் பிணியும் இளிவரலுக்கும், இழவும் வறுமையும் அழுகைக்கும் நிலைக்களன்கள் என்றார். கலை இனிமைக்கே உரியது என்பார் எட்டில் ஏழினைத் துறந்தவராவர். சாந்திநிகேதனத்தில் இராம்கிங்கர் பைஜ் 1938-இற் செய்த ‘சந்தால் குடும்பம்’ சிமிட்டியும் செம்பரற்கல்லும் கலந்து குழைத்துச் செய்யப்பட்டது. பளிங்கும் வெண்கலமும் அரசர்க்கும் ஆளுநர்க்கும் ஒதுக்கப்பட்டிருந்த காலத்தில், பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் நடக்கும் பழங்குடியினர்க்கு அவர் ஆளுயரத்துக்கு மேற்பட்ட உருவம் எடுத்தார். சொரசொரப்பான அவ்வுடல்களில் பெருமிதம் ததும்புகிறது. திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மூட்டை முடிச்சுகளோடு இந்நகர்க்கு வந்திறங்கியவர்தம் மக்களாகிய நமக்கு அச்சிலையில் அயன்மை ஏதும் தோன்ற வாய்ப்பில்லை.

சென்னைக் கடற்கரையில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலையை அறியாத தமிழர் இலர். நால்வர் ஒரு பாறையைப் பெயர்க்கின்றனர். புடைத்த நரம்பும் வளைந்த முதுகுமாக அவர்கள் முயலும் முயற்சியைக் காண்போர் தம் மூச்சையும் ஒருகணம் அடக்கிக்கொள்வர். அதனைச் செய்த தேவிபிரசாத் இராய்சௌத்ரி சென்னைக் கலைப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவர். சிலைமுன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். செய்தவர் பெயரைக் கேட்டால் விழிக்கிறோம். திரைப்படப் பாடலின் இசையமைப்பாளர் பெயரை நொடியிற் சொல்லும் நம் பிள்ளைகளை இதன்பொருட்டு நோவானேன்? நாம் சொல்லிக் கொடுத்தோமில்லை.

மூன்றாம் குற்றச்சாட்டே தலையாயது: “பொருள் விளங்கவில்லை.” சண்முகானந்த அரங்கில் நம்மவர் கச்சேரி கேட்கும் பாங்கினை எண்ணிப் பார்ப்போம். பாடகர் முகாரியை ஆலாபனை செய்கிறார். சொல் இல்லை, கதை இல்லை, சாகித்தியம் இன்னும் தொடங்கவில்லை. அரைமணிநேரம் வெறும் ஒலி. ஆயினும் முன்வரிசையில் இருக்கும் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். “இந்த அகாரத்துக்கு என்ன பொருள்?” என்று எவரும் எழுந்து கேட்பதில்லை. கேட்டால் அவரை அரங்கமே நகைக்கும். செவிக்கு நாம் அளிக்கும் இவ்வுரிமையைக் கண்ணுக்கு மறுப்பது ஏன்? சொல்லில்லாத ஒலி நெஞ்சை உருக்கும் என்றால் உருவில்லாத வண்ணமும் உருக்கும். வேறுபாடு ஒன்றே: செவியைச் சிறுவயது முதற் பழக்கினோம், கண்ணைப் பழக்கவில்லை. பழகாமை நம்முடையது, பழியை மட்டும் ஓவியன்மேற் போடுகிறோம்.

கே. எம். ஆதிமூலத்தை எடுத்துக்கொள்வோம். காந்தியடிகள் நூற்றாண்டாகிய 1969-ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களைப் பாராட்டாதவர் இல்லை. கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் வரைந்த முகங்களை வார இதழில் இலட்சக்கணக்கானோர் கண்டு மகிழ்ந்தனர். அதே கை, பின்னாளில் உருவங்களைத் துறந்து வண்ணப் பரப்புகளைத் தீட்டியபோது, “இவருக்கு என்ன ஆயிற்று?” என்றனர் சிலர். கோடு தெரியாதவனா கோட்டைத் துறந்தான்? காந்தியடிகளின் முதுமையை நாலே கோட்டில் கொண்டுவரத் தெரிந்தவர், நிலமும் வெளியும் தரும் உவகையை வரைவதற்குக் கோடு போதாது என்று கண்டு வண்ணத்துக்குப் போனார். 2008-இல் அவர் மறைந்தார். தமிழர் பெரும்பாலோர் முற்பாதி ஆதிமூலத்தை மட்டும் அறிந்து பிற்பாதியை அறியாமலே வழியனுப்பி வைத்தனர்.

இன்னும் ஒன்று. பரிபாடலின் 19-ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபத்தைக் கூறுகிறது. அங்கே ஓவியங்களைக் காண வந்தோர் சுட்டிக்காட்டி, “இவன் யார், இவள் யார்?” என்று வினவுகின்றனர், அறிந்தோர், “இவன் காமன், இவள் இரதி” என்றும், “இவள் அகலிகை, இவன் கௌதமன்” என்றும் விளக்குகின்றனர். இதிலிருந்து நாம் பெறவேண்டிய பாடம் யாது? அக்காலத் தமிழர்க்கும் ஓவியம் பார்த்த மாத்திரத்திற் புரிந்துவிடவில்லை! ஆயினும் அவர்கள் முகஞ்சுளித்துத் திரும்பவில்லை; வினவினர். அறிந்தவரும், “உனக்கேன் இது?” என்று செருக்குற்று நில்லாமல் விடை கூறினர். வினவுதலும் விளக்குதலும் நிறைந்த அம்மண்டபம்தான் தமிழரின் கலைக்கூடம். “புரியவில்லை” என்பது அங்கே உரையாடலின் தொடக்கம். நாமோ அதனை முடிவாக்கிவிட்டோம்.

இவ்விடத்திற் கலைஞரையும் ஒருசொற் கடிந்துரைத்தல் நம் கடன். விடை கூறுவோர் இக்காலத்திற் குறைந்துவிட்டனர் என்பது மெய். கண்காட்சிக் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சிடப்படுகின்றன. அவ்வாங்கிலமும் எளிதில் விளங்குவதில்லை. தமிழரான ஓவியர் தமிழ்க் கூட்டத்துக்கு வந்து தம் ஓவியத்தைப்பற்றித் தமிழிற் பேசக் கூசுவாராயின், மக்கள் விலகுவதை அவர் குறைகூறல் ஆகாது. வெறும் புதுமை வேட்கையால் ஒருவர் செய்ததை மற்றவர் படியெடுத்து, உணர்ச்சியின்றி உருவத்தைச் சிதைப்போரும் உளர். போலிகள் எத்துறையிலும் உண்டு. போலிக் கவிதை உண்டென்பதற்காகக் கவிதையையே வேண்டாமென்பார் உண்டோ?

நான்காம் குற்றச்சாட்டு, இக்கலை செல்வர்க்குரியது என்பது. வாங்குவோரைப் பார்த்துச் சொல்லும் சொல் இது; படைத்தோரைப் பாருங்கள். 1947-இற் பம்பாயில் தோன்றிய முற்போக்கு ஓவியர் குழுவைச் சேர்ந்த ஆரா, வீட்டு வேலைக்காரராகவும் கார் துடைப்பவராகவும் வயிறு வளர்த்தவர். உசேன் திரைப்பட விளம்பரப் பலகைகள் வரைந்து பிழைத்தவர். கோவையிற் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர், குடும்பத்தைக் காக்கும் பொருட்டுத் தந்தி இலாகாவில் ஊழியராக இருந்தவர். நம்மைப்போன்ற அரசு ஊழியர்தான். அவர் வேலையை உதறிச் சென்னைக் கலைப்பள்ளியிற் சேர்ந்தார். பின்னர் அதன் முதல்வரானார். 1966-இல் தம் மாணாக்கரோடு சேர்ந்து சென்னையை அடுத்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை நிறுவினார். துணியில் பாத்திக் வேலை முதலிய கைவினைகள் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கி, தம் கையாலேயே குடியிருப்பும் பட்டறையும் அமைத்துக்கொண்டனர் அக்கலைஞர். செல்வர் கொடுத்த மாளிகை அன்று அது.

தாணேயில் முப்பதாண்டுகள் கதிர்வீச்சு மருத்துவராகப் பணிபுரிந்த சுதீர் பட்வர்தன் வரைந்தவர் யார் யார் என்று பாருங்கள்: தொடர்வண்டியில் நெருங்கி நிற்போர், இரானி உணவகத்தில் தனித்து அமர்ந்திருப்பவன், ஆலை மூடப்பட்ட லோயர் பரேல் மக்கள். காட்கோபரிலிருந்து காலை விரைவு வண்டியில் ஒற்றைக்காலில் தொங்கிச் செல்லும் நம் களைப்பை ஒருவர் வண்ணத்தில் எழுதி வைத்திருக்கிறார். 2019-இன் இறுதியில் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவர்தம் வாழ்நாட் படைப்புகளின் கண்காட்சி தொடங்கி 2020 தொடக்கம்வரை நடந்தது. நம் முகம் அங்கே மாட்டப்பட்டிருந்தது, நாமோ செல்லவில்லை. 1952 முதல் காலா கோடாவில் இருக்கும் ஜஹாங்கீர் கலைக்கூடத்தில் நுழைவுக்கட்டணம் கிடையாது. கோட்டைப் பகுதியில் வேலைசெய்யும் ஓர் எழுத்தர் உணவு இடைவேளையில் நடந்துபோய்த் திரும்பக்கூடிய தொலைவு. செல்வர்க்குரியது என்னும் சாக்கு அக்கதவின் முன்னே செல்லாக்காசாகிறது.

இறுதியாக நம் ஊரையே பார்ப்போம். 2018-ஐ ஒட்டி, காட்கோபர் மேற்கில் அசல்பா குன்றின்மீதுள்ள குடிசைகளின் சுவர்களுக்குத் தன்னார்வலர் வண்ணம் தீட்டினர். மெட்ரோவில் செல்வோர் வியந்து படம் பிடித்தனர். நல்ல எண்ணத்தோடு செய்த பணியை நாம் பழிக்கவில்லை. ஆயினும் அவ்வண்ணம், வண்டியிற் செல்வோர் கண்ணுக்கு அக்குன்றை இனிதாக்கிற்று. அக்குன்றுகளில் வாழ்வோர் மழைக்காலத்தில் மண்சரிவை எண்ணி உறங்காதிருக்கும் அச்சத்தை, 2000-ஆம் ஆண்டு சூலையில் இதே காட்கோபரில் சரிந்து வீழ்ந்த மண்ணில் உற்றாரை இழந்தோரின் அழுகையை, அச்சுவர்கள் சொல்லவில்லை. ஒப்பனை வேறு, ஓவியம் வேறு. இவ்வேறுபாட்டை அறியும் கண் நமக்கு வேண்டும்.

2024 மே 13 அன்று, காட்கோபர் கிழக்கில் சேடா நகரில், 120 அடி உயரமும் 120 அடி அகலமும் கொண்ட விளம்பரப் பலகை ஒன்று புழுதிக்காற்றிற் சாய்ந்து பெட்ரோல் நிலையத்தின்மேல் வீழ்ந்தது. 17 உயிர்கள் மாண்டன. மாநகராட்சி விதி இடங்கொடுத்த அளவு 40 அடிக்கு 40 அடியே. இந்நகரம் தன் மிகப்பெரிய படப்பரப்பை எதற்குக் கொடுத்திருந்தது என்பதை இதனினும் கொடுமையாக எவர் காட்டமுடியும்? விற்பனைக்கு வானளவு இடம். துயர்க்கு ஒரு சாண் சுவர் இல்லை. இறந்தவர் கணக்கு ஒரு கோப்பில் எண்ணாக அடங்கிவிடும். கோப்புகளோடு வாழும் நமக்கு அது நன்கு தெரியும். கோப்பிலே அடங்காத ஒன்று உண்டு. வெண்தாளிற் சோமநாத் ஹோர் கீறிவைத்தது அதைத்தான். அப்பதினேழு பேர்க்கும் அவ்விடத்தே ஒரு நினைவுச்சிற்பம் எழவேண்டும் என்று நம் சங்கம் மாநகராட்சியைக் கேட்கவேண்டும். கைநீட்டி நிற்கும் தலைவர் சிலை வேண்டா. வீழ்ந்ததையும் நசுங்கியதையும் நினைக்கச் செய்யும் ஒரு வடிவம் போதும். அது நிறுவப்படும் நாளில், “இது என்ன?” என்று ஒரு சிறுவன் கேட்பான். கேட்கட்டும், அவனுக்கு விடைகூற நாம் அங்கே நிற்போம்.

அதற்கு முன்னர் நம் கையில் உள்ளவற்றைச் செய்வோம். ஆண்டுவிழாவில் பட்டிமன்றத்துக்கும் இன்னிசைக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒருமணியை ஒரு தமிழ் ஓவியர்க்கோ சிற்பிக்கோ ஒதுக்குவோம். அவர் தம் படைப்புகளோடு வந்து தமிழிற் பேசட்டும், நாம் தயங்காது வினவுவோம். வாயிலில் கட்டும் வண்ணப் பதாகைகளில் இரண்டைக் குறைத்தால் அவர் பயணச்செலவுக்குப் போதும். சிறுவர் ஓவியப்போட்டியில் தேசியக்கொடியையும் மயிலையும் படியெடுக்கச் சொல்லாமல், “நேற்று உனக்கு வந்த சினத்தை வரை” என்று சொல்லிப் பார்ப்போம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் நம் இல்லத்தாரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு காலா கோடாவுக்குப் போவோம். ஓர் ஓவியத்தின்முன் பத்து நிமிடம் பேசாது நிற்போம். அதன்பின்னும் “புரியவில்லை” என்று தோன்றினால், திருப்பரங்குன்றத்தில் நம் முன்னோர் செய்ததுபோல், அருகில் நிற்பவரைக் கேட்போம்.